94 சதவீதம் என்று காகிதம் காட்டினார்கள்: பழைய எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் யாராவது பழைய எலக்ட்ரிக் கார் வாங்க மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 7,40,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய வண்டியின் பேட்டரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அதை மறைத்து, வேறொரு வண்டியின் ரிப்போர்ட்டைக் காட்டி என் தலையில் கட்டினார்கள். விற்றவர் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் எனக்குக் குறை இல்லை, அதனால் அந்தப் பெயரும் வேண்டாம்.

எனக்குக் கார் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். வாப்பாவிடம் டீசல் அம்பாசடர் இருந்தது. காலையில் அது ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைப் பாயில் படுத்தபடியே கேட்டு, இன்றைக்கு எந்த இன்ஜெக்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன். சொந்தக்காரர்கள் பழைய வண்டி எடுக்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்ப்பேன், சைலன்சர் புகையின் நிறத்தைப் பார்ப்பேன், மூன்றாவது கியரில் ஒரு ஏற்றம் ஏற்றிப் பார்ப்பேன். முப்பது வண்டிக்கு மேல் அப்படிப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் தப்பிப் போனதில்லை. எலக்ட்ரிக் வண்டியில் அந்தக் காதுக்கும் மூக்குக்கும் வேலையே இல்லை. நல்ல பேட்டரியும் கெட்ட பேட்டரியும் ஒரே மாதிரி சத்தமில்லாமல்தான் ஓடும், பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் ஒரே மாதிரிதான் இழுக்கும். அதனால்தான் காகிதத்தை நம்பினேன்.

ஏன் எலக்ட்ரிக் என்று கேட்டால், வீடுதான் காரணம். என் மகளுக்கு டீசல் வாடை ஆகாது. ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள், அந்தப் பதினேழு கிலோமீட்டரில், இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவாள். உம்மாவுக்கு முதுகு வலி, வண்டி அதிர்ந்தால் தாங்காது. என் மனைவி கிளட்சுக்குப் பயந்தே எட்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தவள். கிளட்சும் இல்லை, கியரும் இல்லை என்றதும் ஒரே வாரத்தில் ஓட்டப் பழகி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அவளே கொண்டு போய் விட ஆரம்பித்தாள். மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுவது என்றும் பேசி வைத்திருந்தோம். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது, நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பகலில் வீட்டில் நிற்கிற வண்டி வெயிலிலேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது.

2025 மார்ச்சில் வாங்கினேன். நான்கு வருஷம் ஓடிய வண்டி. மீட்டரில் 46,000 கிலோமீட்டர். ஆர்சி ஒரு கம்பெனி பெயரில் இருந்தது. "டைரக்டர் வீட்டம்மா ஓட்டின வண்டி பாய், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் விற்றவர். பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் என்று கலரில் ஒரு பிரிண்ட் கொடுத்தார். மாடல் சரி, வருஷம் சரி, வண்டியின் நிறம்கூடப் போட்டிருந்தது. 94 சதவீதம். புதிய பேட்டரி 30 யூனிட் என்றால் இதில் 28 யூனிட் பிடிக்கும், ஹைவேயில் 200 கிலோமீட்டர் தாராளம் என்றார்.

பில் போடும்போது ஒன்று நடந்தது. விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 1,33,200 ரூபாய் தனி என்றார். பழைய கார் வியாபாரிக்கு அந்த 18 சதவீதம் அவர் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில் இருக்கிற லாபத்துக்கு மட்டும்தான், முழு விலைக்கும் கிடையாது. எலக்ட்ரிக் வண்டிக்கும் இதேதான். 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்ததும் அதை விளக்கமாகவே சொல்லியிருந்தார்கள். நான் எடுத்துச் சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "சரி விடுங்க பாய், உங்களுக்காக" என்று அந்தத் தொகையை அடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்தை வாய்க்கு வந்தபடி கேட்டு, பிடிபட்டதும் சிரித்துக்கொண்டே விடுகிற ஆள் கொடுக்கிற மற்ற காகிதங்கள் எப்படி உண்மையாக இருக்கும்?

உள்ளூரில் ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம், கடைத்தெரு, எப்போதாவது ராமநாதபுரம். ஆடி மாதம் உம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், மதுரையில். நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். நூற்று முப்பது கிலோமீட்டர்தான். மதுரைக்குள் நுழையும்போது 10 சதவீதம் காட்டியது. நெஞ்சு திக்கென்றது. ஆனால் ஆடி மாதக் கச்சான் காற்று, மேற்கேயிருந்து வருகிற காற்று, வழி முழுக்க எதிரே அடித்தது, ஏசி ஓடியது, ஆள் ஐந்து பேர். காற்றுதான் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். திரும்பும்போது அதே கச்சான் முதுகில் தள்ளுமே.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். பாஸ்ட் சார்ஜரில் வரிசை இருந்ததால் 85 சதவீதத்தோடு எடுத்தேன். மானாமதுரை தாண்டினோம், பரமக்குடி தாண்டினோம், காற்றும் பின்னாலிருந்துதான். சத்திரக்குடியை நெருங்கும்போது 18 சதவீதம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நல்ல இருட்டு. 18 என்று பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்கிறேன், மறுபடி பார்த்தால் 11. ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, 4. திரையில் ஆமைப் படம் வந்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் சைக்கிள் வேகம்தான். ஓரங்கட்டினேன், அதோடு நின்றுவிட்டது.

பச்சைத் துணி கட்டிய கண்ணோடு உம்மா பின் சீட்டில். டாக்டர் தூசி படக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு லாரி போகும்போதும் வண்டி முழுக்க ஆடியது, மண்ணை வாரி இறைத்தது. என் மனைவி முந்தானையை விரித்து உம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டே இருந்தாள். மச்சான் ராமநாதபுரத்திலிருந்து வந்து அவர்களை ஏற்றிப்போக முக்கால் மணி நேரம் ஆனது. பணம் போனதைவிட அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நல்ல மனதோடு ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எலக்ட்ரிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாகும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் போய்விடும். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டிதான் வேண்டும். அது வர இரவு பதினொன்று ஆகிவிட்டது.

மறுநாள் விற்றவருக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டு எர்த் சரியில்ல பாய், அதான் சார்ஜ் முழுசா ஏறல" என்றார். நம்ம கடற்கரை மணலில் எர்த் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது உண்மை. சரி, அந்தச் சாக்கும் இருக்கக்கூடாது என்று வயர்மேனைக் கூப்பிட்டு, புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி எர்த்தைச் சரிசெய்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி ஈபி மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் ஏசி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வண்டி 20 சதவீதத்தில் இருக்கும்போது 15 ஆம்ப் பிளக்கில் போட்டேன். மீட்டர் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். 30 யூனிட் பேட்டரியில் 20-லிருந்து 100 ஏற 24 யூனிட் உள்ளே போக வேண்டும். வழியில் சூடாகி வீணாவதைச் சேர்த்தால் மீட்டரில் 27 ஓடும். 94 சதவீதப் பேட்டரி என்றால்கூட 25-க்குக் குறையாது. ராத்திரி பத்தே காலுக்கு ஆரம்பித்தது, காலையில் எட்டு மணி வரைக்கும் ஓடவேண்டியது, ஐந்து மணிக்கு முன்னாலேயே நூறு காட்டி நின்றுவிட்டது. மீட்டரில் ஓடியது 19 யூனிட். பஜ்ர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 30 யூனிட் பேட்டரி 21 ஆகியிருக்கிறது. எழுபது சதவீதம். திரையில் வந்த நூறு, மிச்சமிருக்கிற பேட்டரிக்குத்தான் நூறு.

ஆதாரம் வேண்டும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். அடிப்பாகம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. அண்டர்பாடி கோட்டிங் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று வாங்கும்போது நான் மெச்சிய இடம் அது. அங்கிருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கீறு கீறினான். கறுப்புப் பூச்சோடு சேர்ந்து துரு, நமுத்த அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. பேட்டரிப் பெட்டியைத் தாங்குகிற போல்ட்டுகளில் கம்பெனி போட்ட பெயிண்ட் கோடு கலைந்திருந்தது. "இதை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க சார்" என்றான்.

கம்ப்யூட்டரில் சேஸிஸ் நம்பரைப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. நான் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பு நடந்த சர்வீஸில் ஓடியிருந்த தூரம் 98,400 கிலோமீட்டர். ஆள் ஏற்றி இறக்கக் கம்பெனி வைத்திருந்த வண்டி, தினமும் பாஸ்ட் சார்ஜிலேயே ஓடியிருக்கிறது. பேட்டரி ஹெல்த் 71. பேட்டரிக்குள் வரிசையாக இருக்கிற செல்களில் ஒன்று மற்றவற்றைவிட முந்தி இறங்குகிறது, அதனால்தான் 18-லிருந்து சட்டென்று விழுந்தது. என் கையிலிருந்த 94 சதவீதக் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். சேஸிஸ் நம்பரின் பதினேழு இடங்களில் கடைசி நான்கு எண்கள் வேறு. அதே மாடல், அதே வருஷம், அதே நிறத்தில் இன்னொரு வண்டி. வாங்கிய அன்றைக்கு அந்த நம்பரை ஆர்சியோடு வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார். கைமாறும்போது வாரண்டியையும் முறைப்படி மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. என் வண்டிக்கு அது நடக்கவே இல்லை. பெட்டியை வெளியில் கழற்றியிருப்பதால் இனி மாற்றவும் முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு ராத்திரி வண்டியை உங்கள் வீட்டில் நிறுத்திச் சார்ஜ் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். டோக்கன் பணம் கொடுத்தாவது கேளுங்கள். மீட்டர் எண்ணை நீங்களே குறியுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். ஹெல்த் ரிப்போர்ட்டை அவர் கையால் வாங்காதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் உங்கள் கண் முன்னால் எடுங்கள், பழைய சர்வீஸ் கணக்கையும் அங்கேயே கேளுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டுகிற, புளூடூத்தில் போனோடு சேர்கிற ஓபிடி கருவி ஒன்று வாங்கினால் பல மாடல்களில் செல் வோல்டேஜ்வரை தெரியும். அடிப்பாகத்தில் கோட்டிங் புதிதாக இருந்தால் கீறிப் பாருங்கள், நம்ம உப்புக்காற்று வேறு, அதற்கு மேல் பழைய துருவையும் சேர்த்து வாங்க வேண்டாம். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அதைத்தான் இப்போது அவர்கள் வக்கீல் ஆட்டிக் காட்டுகிறார்.

ஏமாந்தவர்கள் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருள் வாங்கிய விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அதற்கு விற்றவர் பதிலே சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் மனு போட்ட பிறகுதான், இரண்டு லட்சம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் விட்டார். முடியாது என்றுவிட்டேன்.

வண்டி இப்போதும் ஓடுகிறது, பெரும்பாலும் கீழக்கரைக்குள்தான். மகளுக்கு வாந்தி இல்லை. ஆனால் ராமநாதபுரம் போகலாம் என்றால்கூட என் மனைவி ஏறி உட்கார்ந்ததும் ரோட்டைப் பார்க்காமல் அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு வருகிறாள். உம்மாவின் செக்கப்புக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறோம்.

மண்டபத்திலிருந்து பரமக்குடி வரைக்கும் யாராவது பழைய எலக்ட்ரிக் கார் பார்க்கப் போவதாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஓபிடி கருவியும் ஸ்க்ரூ டிரைவரும் பையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.