மூக்கு வழியா, வயிறு வழியா? குழாயில் உணவு பெறும் குழந்தைக்கு எது பொருந்தும்

நான்காவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் நிலையை வுல்ஃப்-ஹிர்ஷ்ஹார்ன் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1965-இல் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே இதை விவரித்தன. ஏறத்தாழ 50,000 பிறப்புகளில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. என் மகள் அவர்களில் ஒருத்தி. இக்குழந்தைகள் கருவிலேயே வளர்ச்சி குன்றி, தசைகள் தளர்ந்து, சிலர் அண்ணப்பிளவோடும் பிறப்பதால், உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் அவர்களுக்கு ஒன்றோடொன்று இசைந்து வருவதில்லை. பாலாடையில் மணிக்கணக்காக ஊட்டியும் எடை ஏறாமல், குடித்த பாலில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கி நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் மாறிமாறி வரும்போது, மருத்துவர் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்குவார். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய் ஒரு வழி. வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பையில் பொருத்தும் குழாய் இன்னொரு வழி. இரண்டையும் வீட்டில் கையாண்ட தாயாகவும், இதே நிலையிலும் இதை ஒத்த நிலைகளிலும் உள்ள குழந்தைகளின் பெற்றோரோடு தொடர்ந்து பேசி வருபவளாகவும் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். குழாய் சில வாரங்களுக்குத்தான் என்றால் மூக்கு வழி போதும், மாதக்கணக்கில் தேவைப்படும் என்று தெரிந்துவிட்டால் வயிற்று வழியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் முடிவு. 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் குழாய் தேவைப்படுமானால் வயிற்று வழியைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவத்திலும் பொதுவான வழிகாட்டல். ஆயினும் என் முடிவுக்கு எடையைவிடப் பெரிய காரணம் குழந்தையின் வாய்.

மூக்குக் குழாயின் முதல் பலம் அதன் எளிமை. மயக்க மருந்து வேண்டாம், படுக்கையிலேயே சில நிமிடங்களில் போட்டுவிடலாம், வேண்டாதபோது உருவிவிடலாம், மெடிக்கல் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையிலும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனையைத் தாண்டியும் அளந்து குழாயில் குறியிட்டு, நுனியை நனைத்து, குழந்தை விழுங்கும் நொடியில் தள்ளிக்கொண்டே போவதைப் பெரும்பாலான பெற்றோர் மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்கிறார்கள். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனெனில் குழாய் இரைப்பையில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன் உறுதி செய்தாக வேண்டும். சிரிஞ்சில் சிறிது இரைப்பை நீரை இழுத்து அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் விட்டுப் பார்த்து, அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டுமே பால் விடலாம். ஊசிக்குழலால் காற்றைத் தள்ளி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் பரவலாகச் சொல்லித் தரப்படுகிறது. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கக் கூடும் என்பதால், இந்த முறையைக் கைவிடும்படி இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே அறிவுறுத்தியது. குழந்தைக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்துவந்தால் பி.எச். தாளும் குழப்பும்; சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரேதான் வழி. நள்ளிரவில் குழந்தை குழாயை இழுத்துப் போட்டுவிட்ட வீட்டில் இந்தச் சோதனை முழுவதையும் தூக்கக் கலக்கத்தில் ஒருவரே செய்ய நேர்வதுதான் மூக்குக் குழாயின் பெரிய அபாயம் என்று கருதுகிறேன்.

குழந்தை இழுத்துப் போடுவது விதிவிலக்கன்று. கைகளுக்குத் துணிப்பை மாட்டினாலும், கன்னத்தில் பிளாஸ்டரை எத்தனை விதமாக ஒட்டினாலும், தும்மலிலோ வாந்தியிலோ குழாய் வெளியே வந்துவிடும். சாதாரண பி.வி.சி. குழாய்கள் நாளடைவில் விறைத்துப் போவதால், வராவிட்டாலும் சில நாட்களுக்கொரு முறை மாற்றியே தீர வேண்டும். பாலியூரித்தேன், சிலிக்கோன் குழாய்கள் வாரக்கணக்கில் நிற்கும். சிறு ஊர்களில் அவை எளிதாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் குழந்தையைத் துண்டில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் குழாயைச் செலுத்த வேண்டும். பசியாற்றும் கையே மூக்கில் குழாயைத் திணிக்கும் கையாகவும் ஆகும்போது, முகத்தருகே எது வந்தாலும் குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. முத்தமிடக் குனிந்தாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் குழந்தையின் தாய் ஒருவரை எனக்குத் தெரியும். தொண்டையின் பின்புறம் எப்போதும் ஒரு பொருள் உரசிக்கொண்டிருப்பதால் கரண்டியும் விரலும் குமட்டலைத் தருகின்றன. விழுங்கப் பழக வேண்டிய வயதில் விழுங்குவதையே குழந்தை வெறுத்துவிடுகிறது. குழாய் நீண்ட காலம் இருந்த குழந்தைகள் பலருக்கு வாய்வழி உணவைத் திரும்பக் கொண்டுவருவது, முதலில் குழாய் போட்டதைவிடக் கடினமான வேலை.

வயிற்றுக் குழாய் இந்த இடத்தில்தான் முன்னே நிற்கிறது. முகம் விடுபடுகிறது, தொண்டை விடுபடுகிறது. என் மகளுக்கு வயிற்றுத் துளையில் பொருத்திய பட்டன் வழியாகக் கஞ்சி இறங்கிக்கொண்டிருக்கும்போதே உதட்டில் ஒரு துளி ரசத்தையோ பருப்புத் தண்ணீரையோ தடவுகிறோம். அவள் சப்புக்கொட்டினால் இன்னொரு துளி, முகத்தைத் திருப்பினால் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். வயிறு நிறைந்தாக வேண்டும் என்ற நெருக்கடி வாயின் மேல் இல்லாததால் சுவை மட்டுமே மிஞ்சுகிறது. இதைப் பேச்சு மற்றும் விழுங்கு பயிற்சியாளரின் மேற்பார்வையில், எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்த்து எந்தப் பதம் பாதுகாப்பானது என்று தெரிந்துகொண்ட பின்னரே செய்ய வேண்டும், ஏனெனில் இக்குழந்தைகளில் சிலர் புரையேறினாலும் இருமுவதே இல்லை.

அறுவையின்றி எண்டோஸ்கோப் வழியாக வயிற்றுக் குழாய் பொருத்தும் முறை குழந்தைகளுக்காகவே பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி ஆகிய இரு மருத்துவர்கள் முதன்முதலில் இதைச் செய்தது ஒரு கைக்குழந்தைக்கு. வயிற்றைத் திறக்கும் பழைய அறுவையைத் தவிர்ப்பதே அவர்களின் நோக்கம். பெக் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த முறை பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில வாரங்களில் துளை முதிர்ந்து உறுதியான பிறகு, நீண்ட குழாயை எடுத்துவிட்டுத் தோலோடு ஒட்டிய சிறு பட்டனைப் பொருத்துவார்கள். சட்டைக்குள் தெரியாது, குப்புறப் படுக்கலாம், குளிக்கலாம்.

ஆனாலும் மயக்க மருந்து என்னும் வாசலைத் தாண்டித்தான் இங்கே வர முடியும். 4-ஆம் குரோமோசோம் குறைபாடுள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதேனும் பிறவிக் குறை உண்டு. சிறிய தாடையால் சுவாசக் குழாய் பொருத்துவது கடினமாகலாம், பெரும்பாலோருக்கு வலிப்பும் உண்டு. இதய ஸ்கேனான எக்கோ பார்த்து, குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர் இருக்கும் பெரிய மையத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அருகில் இருக்கிறது என்பதற்காகச் சிறிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதை நான் எந்தப் பெற்றோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பொருத்திய பிறகும் வேலை தீர்வதில்லை. துளையைச் சுற்றிச் சிவந்த சதை வளரும், கசியும் அமிலம் தோலைப் புண்ணாக்கும், பட்டனை இரைப்பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனின் நீரை வாரம் ஒரு முறை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். பட்டன் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால் மாற்றுக் குழாய் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். துளை முதிராத முதல் வாரங்களில் விழுந்தால் நாமாக உள்ளே செலுத்த முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரிஃப்ளக்ஸ் எனப்படும் எதுக்களிப்பு வயிற்றுக் குழாயால் குணமாவதில்லை. அது கடுமையாக இருந்தால் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் இன்னொரு அறுவை பற்றியும் பேச்சு வரும். அதனை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

குடும்பத்தினரின் அச்சம் வேறொரு வகை. "பிள்ளை வயித்துல ஓட்டை போட்டுட்டா அப்புறம் அது வாயால சாப்பிடவே சாப்பிடாதே" என்று என் மாமியார் அழுதார். வயிற்றுத் துளை நிரந்தரம், மூக்குக் குழாய் தற்காலிகம் என்பது பெரும்பாலான வீடுகளில் ஊறிப்போன எண்ணம். உண்மையில், தேவை தீர்ந்து பட்டனை எடுத்தால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்கிறது; மூடாதவர்களுக்குச் சிறு தையல் போதும். இதைப் பெரியவர்களிடம் மருத்துவரே நேரில் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

வலிப்பு மருந்து விஷயத்தில் இரண்டு வழிகளும் சமமல்ல. இக்குழந்தைகளின் வலிப்பு பெரும்பாலும் காய்ச்சலோடு கிளம்பும். ஒரு வேளை மருந்து தவறினாலும் ஆபத்து. மூக்குக் குழாய் வாந்தியோடு வெளியே வந்துவிட்ட இரவில் மருந்தும் நின்றுபோகிறது. பட்டன் இருந்தால் தூங்கும் குழந்தையை எழுப்பாமலே மருந்தைக் கொடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். எந்தக் குழாயாக இருந்தாலும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துப் போடக் கூடாது.

குழாயில் எதைக் கொடுப்பது என்பதையும் குழாயின் அகலமே தீர்மானிக்கிறது. குழந்தைகளின் மூக்குக் குழாய் 6 அல்லது 8 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவுதான். வடிகட்டிய கேழ்வரகுக் கூழே அதில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பாலையும் விலை அதிகமான டப்பா மாவையும் நம்பியிருக்க வேண்டும். 14 ஃபிரெஞ்ச் அளவுள்ள பட்டனில் மிக்ஸியில் நைசாக அரைத்து வடிகட்டிய சோறு, பருப்பு, காய்கறி, முட்டை எல்லாம் இறங்கும். வீட்டு உணவுக்கு மாறிய பின் வாந்தி குறைந்தது, மலச்சிக்கல் தணிந்தது என்று சொல்லும் பெற்றோர் பலர். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாயில் இறங்க வேண்டுமே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் வயிறு நிறையும், சத்து சேராது. தண்ணீருக்குப் பதிலாகப் பாலால் தளர்த்தி, தேங்காய் எண்ணெயோ நெய்யோ சேர்த்து, கலோரியை ஊட்டச்சத்து நிபுணரிடம் கணக்கிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அரைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கேழ்வரகு ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டுத் தூக்கிப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும்.

எடை விஷயத்தில் வயிற்றுக் குழாய்க்கே உரிய ஓர் ஆபத்து உண்டு: எளிதாக இறங்குகிறது என்பதால் அளவுக்கு மீறிக் கொடுத்துவிடுவது. இந்தச் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இயல்பிலேயே சிறிய உருவம் கொண்டவர்கள். அவர்களுக்கென 4 வயது வரையிலான தனி வளர்ச்சி அட்டவணை 2008-லேயே வெளியாகியிருக்கிறது. பொதுவான அட்டவணையில் அடிக்கோட்டுக்கும் கீழே இருக்கும் குழந்தை, இந்த அட்டவணையில் நடுக்கோட்டில் இருக்கக் கூடும். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு வருகையிலும் அளவைக் கூட்டச் சொன்னால், மிஞ்சுவது வாந்தியும் நிமோனியாவும்தான். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூக்குக் குழாயே சரியென்று நான் நினைக்கும் சூழல்களும் உண்டு. குறைமாதத்தில் பிறந்து வலுப்பெறக் காத்திருக்கும் குழந்தை, இதய அறுவைக்கு முன் எடை ஏற வேண்டிய குழந்தை, மயக்க மருந்தைத் தாங்காத குழந்தை ஆகியோருக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை. 18-ஆம் குரோமோசோம் மூன்றாக உள்ள எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமில் பெரும்பாலான குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. அக்குழந்தையை மருத்துவமனையில் வைக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போய் மடியில் வைத்திருக்க விரும்பும் பெற்றோருக்கு மூக்குக் குழாயே அதற்கான வழியைத் திறக்கிறது. அங்கே துளையிடுவதைப் பற்றி யாரும் வற்புறுத்தலாகாது.

செலவைப் பொறுத்தவரை மூக்குக் குழாய்க்கு நிகரில்லை. பட்டன்களின் விலை அதிகம். மாவட்டத் தலைநகரங்களில்கூட முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. பலூன் பட்டன் 3 முதல் 6 மாதங்கள் வரைதான் தாங்கும். அது கிடைக்காத ஊர்களில் சிறுநீர்க் குழாயாகப் பயன்படும் ஃபோலி கதீட்டரைத் துளையில் பொருத்தி அனுப்புகிறார்கள். துளை மூடாமல் காப்பாற்ற அது உதவும். ஆனால் வெளியே பிடித்து நிறுத்தும் தட்டு இல்லாததால் குடலின் அசைவில் உள்ளே நகர்ந்து இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயிலை அடைத்துவிடலாம். அதனால் தோலருகே மையால் ஒரு குறியிட்டு, குழாயைப் பிளாஸ்டரால் நிலைநிறுத்தி, ஒவ்வொரு வேளை ஊட்டுவதற்கு முன்பும் அந்தக் குறி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறி உள்ளே போய், குழந்தை வாந்தியும் எடுத்தால், உணவை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.