ஆட்டுக்கிடையில் மடக்கு சோலார் பேனல்: நெல்லை வெயிலில் கண்டது

100 வாட் என்று அச்சடித்திருக்கும் மடக்கு பேனல் நம்ம நெல்லைச் சீமையின் உச்சி வெயிலில் கொடுப்பது 60-லிருந்து 70 வாட் வரைதான். வாங்க நினைக்கிறவர்கள் எல்லாம் "நம்ம ஊரு வெயிலுக்கு முழுசா வந்துருமே?" என்று கேட்கிறார்கள். வராது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில், பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியம் அறுத்த வயலில் விரித்துப் போட்ட பேனல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். 40 டிகிரி கூடினால் 15 சதவீதம் போச்சு. தூசி, சாய்வு, வயர் என்று மிச்சமும் கழியும். ஆகவே உங்களுக்கு 60 வாட் வேண்டுமென்றால் 100 வாட் பேனல் வாங்குங்கள்.

எங்களுக்கு இது தேவைப்பட்டது சித்தப்பாவின் செம்மறிக் கிடைக்கு. கிடை என்பது எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து வைப்பது. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் பங்குனி வாக்கில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கத்து நஞ்சைகளில் கிடை போடுவார்கள். பிறகு மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரி பக்கம் புஞ்சைக்கு நகரும். ராத்திரிக்கு இவ்வளவு என்று கிடைக்கூலி. தங்குவது தார்ப்பாய்க்கு அடியில். லீவு கிடைக்கிறபோதெல்லாம் நானும் போய்விடுவேன். கரண்ட் என்றால் யாராவது ஒருவருடைய பம்ப்செட் ரூம், இல்லாவிட்டால் டீக்கடை. போனை அங்கே போட்டுவிட்டு வந்தால் ராத்திரி கையில் போன் இல்லை. ஆடு குட்டி போடுகிற நேரம், வெறிநாய் விழுகிற நேரம், திருட்டுப் பயம் எல்லாம் ராத்திரியில்தான். இதை வசதிக்காக வாங்கிய பொருளாக நான் நினைக்கவே இல்லை.

இப்போது இருப்பது நாலு மடிப்புள்ள 100 வாட் பேனல். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. கூடவே கரண்டைச் சேர்த்து வைக்க 300 வாட் ஹவர் கொள்ளளவுள்ள பவர் ஸ்டேஷன் என்ற பேட்டரிப் பெட்டி. பேனலைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி வைத்தால் கோடையில் ஒரு நாளைக்கு 350 வாட் ஹவர் பக்கம் பிடிக்கலாம். விடிய விடிய எரியும் இரண்டு 5 வாட் எல்.இ.டி. பல்புக்கு 100, மூன்று போனுக்கு 50, சின்ன டி.சி. ஃபேன் ஆறு மணி நேரம் ஓட 90, டார்ச்சுக்குக் கொஞ்சம். இவ்வளவும் அடங்கும். இண்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி பற்றி யோசிக்கவே வேண்டாம். பல்பு, ஃபேன் இரண்டையும் 12 வோல்ட்டிலேயே வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதிலேயே பத்து, பதினைந்து சதவீதம் வீணாகும்.

பேனலை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கூட வந்த புத்தகத்தில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வை என்று போட்டிருக்கும். அது வடக்கே தூரத்து நாடுகளுக்குச் சரி. திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வட அட்சரேகையில். ஒரு வைகாசி மதியம், பன்னிரண்டே கால் வாக்கில், சித்தப்பா தன் கம்பை வரப்பில் நட்டமாக ஊன்றிக் காட்டினார். நிழல் ஒரு சாண் நீளத்துக்குத் தெற்கே விழுந்து கிடந்தது.

"ஏல, சூரியன் தலைக்கு வடக்க போயிட்டுல்லா. அவன் புஸ்தகத்துல போட்டுருக்கான்னு தெக்க பாத்து வச்சா எப்படி ஏறும்?"

அதுதான் கணக்கு. சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேராக வந்து, அப்புறம் ஆவணி பாதி வரைக்கும் வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் 30 டிகிரி தெற்கே சாய்த்து வைத்தால் உச்சி வேளை வரும்படியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சமமாகப் படுக்க வைத்தாலே போதும். மார்கழியில் கதை வேறு: உச்சியிலும் சூரியன் 32 டிகிரி தெற்கே இறங்கி நிற்கும், அப்போது புத்தகம் சொல்கிறபடி சாய்க்க வேண்டும். எந்த மாதமானாலும் காலையில் கிழக்கே நன்றாக நிமிர்த்தி, பதினொரு மணிக்குப் படுக்க வைத்து (மார்கழியில் தெற்கே சாய்த்து), மூன்று மணிக்கு மேற்கே திருப்புங்கள். இதற்கு ஆகும் செலவு இரண்டு நிமிடம். விலை கூடின பேனலை வாங்குவதை விட இது அதிகம் தரும்.

படுக்க வைப்பது என்றால் மண்ணில் போடுவது இல்லை. முதுகில் துணி ஒட்டிய பேனல், காற்று போக வழியில்லாமல் வெந்துவிடும். குட்டிகளை அடைக்கும் கூடையான கொடாப்பு இரண்டைத் தள்ளி வைத்து, குறுக்கே இரண்டு கம்பு போட்டு, அதன்மேல் பேனலை விரித்தோம். 60-ஐ ஒட்டி நின்ற மீட்டர் கொஞ்ச நேரத்தில் 65-ஐத் தொட்டது. உயரத்தில் வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. செம்மறிகூடச் சும்மா இருக்கும். கிடையோடு நிற்கும் நாலைந்து வெள்ளாட்டுக் குட்டிகள் பாய் விரித்தது மாதிரி நினைத்து அதன்மேல் ஏறி நிற்கும், வயரைக் கடிக்கும். குளம்பு பட்டு உள்ளே இருக்கும் சோலார் செல் கீறினால் வெளியே தெரியாது, வரும்படி மட்டும் குறையும்.

நிழல் விஷயத்தில் கருணையே கிடையாது. செல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்று இருண்டால் அந்த வரிசை முழுவதும் முடங்கும். பனைமரம் மெலிந்த நிழல்தானே என்று நினைப்போம். அந்த ஒரு கோடு ஒரு மடிப்பின் மேல் விழுந்தாலே மீட்டர் பாதிக்குப் பாதி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இலையில்லாத உடைமரத்தின் கிளை நிழலும் அப்படித்தான்.

இதே பேனலை ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் கொண்டுபோனோம். புலிகள் காப்பகம் என்பதால் அந்த மலையில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. திருவிழா நாட்களில் குடில் போட்டுத் தங்குவதற்குக்கூட வனத்துறை சொல்கிற இடம், சொல்கிற நாள்தான். அங்கே ஆடியில் மேகம், சாரல், மேலே மரக்கூட்டம். கிடையில் வருவதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. காரையாறு, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடியில் தங்கப் போகிறவர்கள் பேனலைச் சுமப்பதை விட, வீட்டிலேயே முழுசாக ஏற்றிய பெட்டியைக் கொண்டுபோவது மேல். போன், பல்பு மட்டும் என்றால் இரண்டு ராத்திரி தாங்கும்.

அதே மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று விடாது. பேனலோடு வருகிற துணிக்கால் அந்தக் காற்றுக்கு ஒரு நிமிடம்கூட நிற்காது. நாலு மூலை வளையத்திலும் கயிறு போட்டு முளையில் கட்டித்தான் ஆக வேண்டும்.

உழைப்பு பற்றி ஒன்று. முதலில் வாங்கிய பேனலின் மேல்பூச்சு பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக். இரண்டாவது கோடையில் மஞ்சளடித்து, ஓரத்தில் கொப்பளம் கிளம்பியது. விற்ற கம்பெனி அதை வாரண்டியில் சேராது என்று கைவிரித்துவிட்டது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வெயிலில் வைக்கிற பொருள் வெயிலில் கெட்டால் அதற்கு யார் பொறுப்பு? இப்போது இருப்பது இ.டி.எஃப்.இ. (ETFE) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பூச்சு. தொட்டால் நுண்ணிய சொரசொரப்பு தெரியும். விலை கூடத்தான், ஆனால் இதுவரை நிறம் மாறவில்லை. தூசியை விடியற்காலையில் பனி ஈரத்தோடு பருத்தித் துணியால் துடைத்தால் போதும், சோப்பு வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக இருக்கட்டும். சாதாரண லித்தியம் பேட்டரியை விடப் பல மடங்கு தடவை ஏற்றி இறக்கலாம். பெட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். உள்ளே 45 டிகிரி தாண்டினால் பெரும்பாலான பெட்டிகள் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும்.

ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு மடக்கு பேனல் வேண்டாம். கண்ணாடி பேனல் இதைவிட மலிவு, வருஷக்கணக்கில் கிடக்கும். குட்டியானை வண்டியில் கொடாப்போடு கொடாப்பாக ஏறி, அடுத்த வயலில் இறங்குகிற எங்களுக்குத்தான் மடிப்பு தேவை. சித்தப்பா இப்போது இன்னொரு ஃபேன் கேட்கிறார், அதனால் இன்னொரு பேனல் வரப்போகிறது. இரண்டையும் பக்க இணைப்பில் (பேரலல்)தான் சேர்ப்பேன். தொடராக (சீரீஸ்) கோத்தால் ஒரு பேனலின் 24-ம் அடுத்ததன் 24-ம் சேர்ந்து 48 வோல்ட் ஆகிவிடும். எங்கள் பெட்டி தாங்குவது 28 வோல்ட்தான். வாங்குமுன் உங்கள் பெட்டியின் பின்னால் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.