குடல் அழற்சியைக் கண்காணிக்க எந்த மலப் பரிசோதனை?

பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலோ, குடலின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய குரோன்ஸ் நோயிலோ, புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் குழாய்க் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் படுக்க வேண்டியதில்லை. கால்புரோடெக்டின், லாக்டோஃபெரின், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும் ஃபிட் (FIT) என மூன்று மலப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் கால்புரோடெக்டினையே செய்யுங்கள்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் சைட்டோபிளாசப் புரதத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கால்புரோடெக்டின். அழற்சி உள்ள இடத்தில் இந்த அணுக்கள் திரண்டு குடலுக்குள் கசிவதால் மலத்தில் அளவு ஏறுகிறது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. 250-ஐத் தாண்டினால் அழற்சிக்கு வாய்ப்பு அதிகம். தொந்தரவு இல்லாதவர்களுக்கு அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் 150-ஐ எல்லையாக வைக்கிறது. ஆனால் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் இந்த எண்ணை ஏற்றிவிடும். நோய் சிறுகுடலில் மட்டும் இருந்தால், குறைந்த எண் வந்தாலும் நிம்மதியடைய முடியாது.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோளாறு. கிட்டில் வரும் குச்சியின் வரிப்பள்ளங்கள் மட்டும் நிரம்ப வேண்டும். குப்பியின் கழுத்து மிச்சத்தை வழித்துவிடும். தண்ணீராகப் போகும் மலம் பள்ளத்தில் நிற்காமல் வழிந்து, எண் பொய்யாகக் குறையும். அப்போது குச்சியை நம்பாமல் சாதாரண டப்பாவில் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். எப்போதும் காலையின் முதல் மலம், அதே லேப், அதே கிட். ஒரே மாதிரிக்கு இரு நிறுவனக் கிட்கள் இரு வேறு எண்கள் காட்டுவது சகஜம்.

லாக்டோஃபெரினும் நியூட்ரோஃபிலிலிருந்தே வருகிறது, துல்லியமும் கிட்டத்தட்ட அதேதான். வழக்கமான எல்லை கிராமுக்கு 7.25 மைக்ரோகிராம். தாய்ப்பாலிலும் இருப்பதால் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு உதவாது.

ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டும் தேடுகிறது. அதனால் பத்தியம் வேண்டாம். பெருங்குடல் புண் ஆறியதா என்று பார்க்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நன்றாகவே கைகொடுக்கும். சிறுகுடலில் கசியும் ரத்தம் வரும் வழியிலேயே செரித்துச் சிதைந்துவிடும் என்பதால், அங்கே குரோன்ஸ் உள்ளவர்கள் இதை நம்பக்கூடாது. மூலமும் மாதவிடாயும் பொய்யாக ஏற்றும். வெயிலில் கிடந்த குப்பி பொய்யாக இறக்கும். அது இன்னும் ஆபத்து.

கைபேசி கேமராவால் படிக்கும் வீட்டுக் கிட்டும் அளப்பது கால்புரோடெக்டினைத்தான். சொன்ன நிமிடத்தில் படம் எடுக்காவிட்டால் பரிசோதனைப் பட்டையில் தெரியும் கோடு மாறிவிடும். கிட் அளக்கக்கூடிய உச்ச வரம்புக்கு மேல் போனால் எண்ணே வராது. 4000-லிருந்து 1800-க்கு இறங்கிய நல்ல செய்தி தெரியாமல் போகும்.

தொந்தரவே இல்லாமல் எண் மட்டும் ஏறினால் உடனே மருந்தை மாற்ற வேண்டாம். கொலோனோஸ்கோபி செய்வதா, 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பதா என்று மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்றுப்போக்கோடு சேர்ந்து ஏறினால், முதலில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசைல் உள்ளிட்ட கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்யுங்கள்.