வீனஸா, குடுவையா, அழுகண்ணியா?

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் பூச்சி தின்னும் செடிகள் மூன்றையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். எதை வாங்கினாலும் முதலில் தண்ணீரைப் பாருங்கள். இவை சத்தே இல்லாத மண்ணில் வாழப் பழகியவை. உப்பு ஏறினால் வேர் போய்விடும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50-க்குள் இருந்தால் நல்லது. எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை விட்டேன், 1,100 காட்டியது. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் 14. அன்றிலிருந்து ஏசிக்குக் கீழே ஒரு குடம் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. உரம், செம்மண், கழுவாத தேங்காய் நார்த்தூள் மூன்றும் கூடாது.

எல்லோரும் ஆசைப்படுவது வீனஸ் ஃப்ளைட்ராப், இலை நுனியில் வாய்போல் பொறி வைத்திருக்கும் செடி. வாய்க்குள் இருக்கும் இரண்டு முடிகளை, அல்லது ஒரே முடியை இருமுறை, 20 விநாடிக்குள் தொட்டால் வாய் பட்டென்று மூடும். வீட்டுப் பிள்ளைகள் குச்சியால் சீண்டிச் சீண்டியே என் செடியின் பாதி வாய்களைக் கறுக்க வைத்தார்கள். ஆனால் அதைக் கொன்றது அவர்கள் இல்லை, குளிராத நம் ஊர் மார்கழி. வட, தென் கரோலினாக்களின் ஈரநிலத்துச் செடி அது. மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கியே ஆகவேண்டும். 10 டிகிரிக்கு இங்கே எங்கே போவது? ஃப்ரிட்ஜில் வைத்து உறங்க வைப்பவர்கள் உண்டு. கீரைக்குப் பக்கத்தில் மண்தொட்டியா என்று எங்கள் வீட்டில் அனுமதி மறுக்கப்பட்டது.

இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சியை விழவைக்கும் குடுவைச் செடியில் 'வென்ட்ராட்டா' கேட்டு வாங்குங்கள். பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பு, முரட்டுச் செடி. கடற்காற்றின் ஈரம் நமக்கு எரிச்சல், அதற்குக் கொண்டாட்டம். காலை வெயில் படும்படி தொங்கவிட்டால் போதும். தட்டில் தண்ணீர் தேக்க வேண்டாம், வேர் அழுகும். இலை வந்தும் குடுவை வரவில்லையென்றால் வெளிச்சமோ ஈரப்பதமோ போதவில்லை. "இன்னா தம்பி, கறி போட்டா தின்னுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். போடாதீர்கள், அழுகி நாறும். எறும்பு தானாக வந்து விழும். முதல்முறை வாங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அழுகண்ணி நம் மண்ணின் செடி, ஐந்து ரூபாய் நாணயம் அகலம். இலை முடிகளின் நுனியில் கண்ணீர்த் துளிபோலப் பசை. கொசு ஒட்டியதும் ஓர முடிகள் நொடிகளில் வளைந்து அமுக்கும். தட்டில் எப்போதும் ஒரு விரல் தண்ணீர் வேண்டும். ஆயுசுதான் குறைவு, என்னுடையது சித்திரை வெயிலில் கருகியது. ஆடி மழைக்குப் பார்த்தால், வீனஸ் செத்த காலித் தொட்டியில் ஏழெட்டுக் கன்றுகள்.