பரீட்சைப் பயத்துக்கு ஆறு சனிக்கிழமைகள்: வெள்ளவத்தையில் ஓர் உளவளத்துணை நிலையம்

தரம் ஐந்தில் படிக்கும் என் மகள், மாதிரி வினாத்தாள் எழுதும் நாள்களில் காலைச் சாப்பாட்டை வாந்தியெடுக்கத் தொடங்கியதும் முதலில் வைத்தியரிடம்தான் காட்டினோம். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்று அவர் உறுதிசெய்த பின்னரே, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரையை அண்டியுள்ள ஒரு சிறுவர் உளவளத்துணை நிலையத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். இப்போது ஆறு அமர்வுகள் முடிந்துள்ளன.

அங்குள்ள உளவளத்துணையாளர் முதல் நாளில் பயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. திருத்திய வினாத்தாளைத்தான் கேட்டார். பதினோராவது வினாவில் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்ததையும், அதற்குப் பின் வந்த விடைகளில் பெரும்பாலானவை வெறுமையாக இருந்ததையும் விரலால் தொட்டுக் காட்டினார். தரம் ஐந்து மாணவர்கள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்தில் 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரே வினாவில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு மணிக்கூடே எதிரியாகிவிடுகிறது. பதற்றத்தில் அதிரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிப்பதையும், சமிபாடு மந்தமாகி வயிறு குமட்டுவதையும், கவலை மனத்தை நிறைத்துக்கொள்வதால் வாசித்த வினாவே நினைவில் நில்லாமல் போவதையும் மகளுக்கு விளங்கும் சொற்களில் அவர் எடுத்துச் சொன்னார். தனக்கு ஏதோ நோய் என்று நம்பியிருந்த பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அறைக்கு மிக அருகில் கரையோரப் புகையிரதப் பாதை செல்கிறது. இந்தச் சத்தத்தில் பிள்ளை எப்படிக் கவனம் செலுத்துவாள் என்று நான் முகம் சுளித்தேன். அவரோ, புகையிரதம் வரும்போதெல்லாம் பென்சிலைக் கீழே வைத்து, கடைசிப் பெட்டி கடக்கும்வரை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுமாறு பழக்கினார். அதன் பின் சிக்கிய வினாவுக்கு ஒரு புள்ளடியிட்டு அடுத்த வினாவுக்குச் செல்ல வேண்டும். நான்காவது வாரத்தில் என் மகள் இதை யாரும் சொல்லாமலே வீட்டில் செய்தாள்.

எனக்கும் ஒரு பாடம் இருந்தது. வகுப்பு முடிந்து ஆட்டோவில் ஏறியதும் "எத்தனை பிழை?" என்று நான் கேட்பது வழக்கம். பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை புள்ளிகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதைக் கடைப்பிடிப்பது, உண்மையில், மூச்சுப் பயிற்சியை விடக் கடினமாக இருந்தது.

குறைகளும் உண்டு. தமிழில் அமர்வுகள் சனிக்கிழமை காலையில் மட்டுமே நடைபெறுவதால், அதே நேரத்தில் ரியூஷன் வகுப்புள்ள பிள்ளைகள் ஒன்றை விட்டுத்தான் மற்றதற்கு வர வேண்டும். பதிவுப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது, தமிழர் பலர் வாழும் வெள்ளவத்தையில் ஏற்க முடியாத ஒன்று. எனக்கு முன்னால் இருந்த தாய் ஒருவர் அதை நிரப்பத் தெரியாமல் கூசி நின்றதைப் பார்த்து மனம் நொந்தேன். 45 நிமிடங்களுக்கு 4,000 ரூபாய் என்பதும் எல்லோருக்கும் இயலக்கூடிய தொகையல்ல. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.

வாந்தி நின்றுவிட்டது, வயிற்றுவலி மட்டும் இடைக்கிடை வருகிறது. இன்னும் இரண்டு அமர்வுகளுக்குப் பதிவுசெய்துள்ளேன். செல்ல விரும்பும் பெற்றோர் மூன்று வாரங்களுக்கு முன்னரே இடம் பிடித்து, திருத்திய வினாத்தாள்கள் இரண்டையாவது கையோடு கொண்டு செல்லுங்கள்.