புதிய பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்ய: காற்றா, சோப்புத் தண்ணீரா, பெட்ரோலா, மண்ணெண்ணெயா?

புது டேங்க்தானே, அப்படியே மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். மாட்டுவதற்கு முன் காதருகே தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சரசரவென்று ஏதாவது ஓடினால் அது வெல்டிங் பொறுக்காகவோ, துளை போட்டபோது விழுந்த சுருள் பிசிறாகவோ இருக்கும். இரும்பு டேங்க் என்றால் துருப் பிடிக்காமலிருக்க உள்ளே எண்ணெயும் தடவியிருப்பார்கள்.

பிசுபிசுப்பு விரலில் ஒட்டுவதால் பலரும் எண்ணெயைப் போக்குவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அந்த மெல்லிய படலம் பெட்ரோலில் கரைந்து எரிந்துபோகும். பிசிறு கரையாது. பம்பின் வலையை அடைக்கும். பொடியாக இருந்தால் வலையையும் தாண்டும். தண்ணீரும் தொல்லைதான்: பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே போய்த் தங்கும். ஆக, பிசிறை வெளியே எடுக்க வேண்டும், தண்ணீரை உள்ளே விடக்கூடாது. நான் ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

கம்ப்ரஸர் காற்றில்தான் தொடங்க வேண்டும். டேங்கின் வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து ஊத வேண்டும். இல்லையென்றால், பெட்ரோல் அலைமோதாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் தடுப்புத் தகடுகளின் மூலைக்குள் பிசிறு ஓடி ஒளிந்துகொள்ளும். எல்லாத் துளைகளும் திறந்தே இருக்கட்டும், அடைத்துவிட்டு ஊதினால் தகடு புடைத்துவிடும். கம்ப்ரஸர் காற்றிலும் ஈரம் வரும், அதனால் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் அவசியம். பிளாஸ்டிக் டேங்குக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பம்ப் வாய் வழியாக நூல் பிரியாத துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

சோப்புத் தண்ணீர் மலிவு, தீப்பிடிக்காது, எண்ணெயையும் நன்றாக எடுக்கும். ஆனால் பூச்சில்லாத இரும்புக்கு அதை நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் போன கையோடு ஈரம் உட்கார்ந்தால், காய்வதற்குள்ளேயே வெல்டிங் ஓரங்களில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும். தகடுகளுக்குப் பின்னால் தங்கும் சொட்டுகள் கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் கெட்டியாக உறைந்துபோய் வேறு வழியில்லை என்றால் கழுவுங்கள். உடனே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் (தண்ணீரோடு கலந்து சீக்கிரம் காய்ந்துவிடும், எளிதில் தீப்பிடிக்கும் திரவம்) இரண்டு தடவை அலசி, ஊதிக் காயவையுங்கள்.

பெட்ரோலால் அலசுவது பழைய பழக்கம். வேலை நடக்கும், ஆனால் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் தூரத்து ஸ்பார்க்கைக்கூட எட்டிவிடும். அலசிய டேங்குக்குள் வேக்குவம் கிளீனர் குழாயை விடுவது உயிருக்கே ஆபத்து.

மண்ணெண்ணெயும் அதே எண்ணெயைக் கரைக்கும், துருவை வரவைக்காது. அது தீப்பற்றும் ஆவி விட சுமார் 38 டிகிரியாவது வேண்டும். வெயில் நாளில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும் என்பதால் நிழலும் காற்றோட்டமும் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றி, வாயை மூடி, எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். முதல் வடிப்பில் கறுப்பு மணல் போலத் துகள்கள் நிற்கும். துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்புத் துகள்கள் கூடவே நகரும். துணி சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நன்றாக வடித்த பிறகு ஓரிரு சொட்டு தங்கினால் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும். இரும்பு டேங்குக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆசிட், துரு நீக்கி இரண்டும் புது டேங்குக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே பாதுகாப்புப் பூச்சு இருந்தால் அதையே அரித்துவிடும்.

வடித்த மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய இன்ஜின் ஆயில் வாங்குகிறவர்களிடம் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். டேங்கோடு ஃபியூவல் ஃபில்டரையும் புதிதாக மாற்றிவிட்டால், தப்பித்த ஒன்றிரண்டு துகள்கள் அதிலேயே நின்றுவிடும்.