ஊர் பார்த்துப் பாட்டுக்கு மார்க் போடலாமா?

பாடகி கில்லியன் வெல்ச்சின் 'ரிவைவல்' (1996), பாடகி மார்கோ பிரைஸின் 'மிட்வெஸ்ட் ஃபார்மர்ஸ் டாட்டர்' (2016). இரண்டுமே அமெரிக்க நாட்டுப்புற வேர்களிலிருந்து வந்த முதல் ஆல்பங்கள், ஆனால் விமர்சகர்கள் பேசிய விதம் நேரெதிர்.

பிரைஸுக்கு வரவேற்பு சுலபமாகக் கிடைத்தது. இல்லினாயில் அப்பா பண்ணையை இழந்த கதையை முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார், ஆல்பத்தைப் பதிவு செய்யக் கல்யாண மோதிரத்தை அடகு வைத்ததும் எல்லாருக்கும் தெரிந்தது, அப்புறம் அவர் பாடும் கஷ்டம் உண்மையா என்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தேர்ட் மேன் நிறுவனம் வெளியிட்டது, பில்போர்ட் பத்திரிகையின் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) ஆல்பம் பட்டியலில் முதல் பத்துக்குள்ளும் வந்தது.

வெல்ச்சுக்கு அப்படி இல்லை. பாட்டுகளைப் பாராட்டியவர்கள் நிறைய, கிராமி பரிந்துரைகூடக் கிடைத்தது. ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸில் தொலைக்காட்சிக்கு இசையமைத்த பெற்றோரிடம் வளர்ந்த பெண், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர்களின் வறுமையைப் பாடுவது உண்மையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அவருடைய இசைக் கூட்டாளி டேவிட் ராலிங்ஸின் கிட்டாரும் வெல்ச்சின் குரலும் சேரும் இடங்களைக் கேட்டுவிட்டு, வளர்ந்த ஊரை வைத்து எப்படிக் குறை சொல்ல முடிகிறது?

பிரைஸின் ஆல்பமும் அருமைதான், மெம்பிஸின் சன் ஸ்டுடியோவில் பதிவான அந்தச் சூடு முழுக்க இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி வந்த விமர்சனங்களில் பாதி வாழ்க்கைக் கதைக்கே போய்விட்டது. ஒன்றை மட்டும் கேட்க நேரமிருந்தால் 'ரிவைவல்' கேளுங்கள்.